எம்எஸ்எக்ஸ் கார்ட்ரிட்ஜில் பெயர் அழிக்கப்பட்ட 24 கால் சிப்: என்னவென்று கண்டுபிடிக்க உதவி தேவை

பழம்பலகை:
வணக்கம் நண்பர்களே. பழைய எம்எஸ்எக்ஸ் கணினிக்கான கார்ட்ரிட்ஜ் ஒன்று கிடைத்தது. லேபிள் இல்லை. உள்ளே ஒரு 2764 ஈப்ராம் (நிரல் பதிந்த நினைவகச் சிப்), சில 74எல்எஸ் ஐசிகள் (சாதாரண லாஜிக் சிப்கள்), நடுவில் செராமிக் உடம்புள்ள 24 கால் சிப். அதன் மேலிருந்த எழுத்தை யாரோ உப்புத்தாளால் தேய்த்துவிட்டார்கள். ஈப்ராமைப் படித்ததில் சைன், லாக் போன்ற கட்டளைப் பெயர்கள் தெரிகின்றன, அதனால் கணக்குச் சிப்பாக இருக்கலாம். மல்டிமீட்டரில் 1ஆம் கால் கிரவுண்ட், 2இல் 5 வோல்ட், 16இல் 12 வோல்ட். 12 வோல்ட்டைப் பார்த்ததும் 2708 ஈப்ராமோ என்று தோன்றியது, ஆனால் அட்ரஸ் லைன்களில் ஒன்றே ஒன்றுதான் அதற்குப் போகிறது. நேரடியாக சால்டர் செய்யப்பட்டிருப்பதால் கழற்றப் பயமாக இருக்கிறது. கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா?

ஈயப்பொட்டு:
கழற்றவே வேண்டாம், பவர் கால்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டன. 2708க்கு கிரவுண்ட் 12இல், 12 வோல்ட் 19இல் இருக்கும். நீங்கள் சொல்லும் 1, 2, 16 என்ற அமைப்பு ஏஎம்டி 1977இல் வெளியிட்ட ஏஎம்9511 கணக்குச் சிப்புக்கு உரியது. இன்டெல் அதையே 8231 என்று விற்றது. பவரை அணைத்துவிட்டு, எந்தக் கால் எங்கே இணைகிறது என்று மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள்: 8 முதல் 15 வரை டேட்டா லைன்கள், 18 சிப் செலக்ட், 21 கட்டளையா டேட்டாவா என்று பிரிக்கும் கால். உங்களுடைய ஒற்றை அட்ரஸ் லைன் 21க்குத்தான் போக வேண்டும். 17 ஸ்லாட்டின் வெயிட் லைனுக்கும் 23 கிளாக்குக்கும் போனால் சந்தேகமே இல்லை.

பழம்பலகை:
எல்லாம் அப்படியே இருக்கிறது சார்! 21 ஏ0வுக்கும், 23 ஸ்லாட்டின் 42ஆம் காலுக்கும் போகிறது. கணினி இந்தச் சிப்போடு பேசும் போர்ட் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈயப்பொட்டு:
ஈப்ராமிலிருந்து படித்த டம்பில் 211, 219 என்ற பைட்களைத் தேடுங்கள் (எல்லாமே தசம எண்கள்). எம்எஸ்எக்ஸின் செயலியான இசட்80இல் 211 அவுட் (போர்ட்டுக்கு அனுப்பு), 219 இன் (போர்ட்டிலிருந்து படி). அடுத்த பைட்தான் போர்ட். டேட்டாவுக்கு நடுவிலும் இந்த எண்கள் தற்செயலாக வரும். திரும்பத் திரும்ப வரும் ஜோடியை மட்டும் நம்புங்கள்.

பழம்பலகை:
32, 33 இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

அலைமானி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கால் அமைப்பை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், 9512 என்ற இன்னொரு கணக்குச் சிப்பும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். அதில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும்தான். 9511க்கு பை மதிப்பு உள்ளேயே இருக்கிறது, அதையே கேட்டுப் பார்த்துவிடலாம். பேசிக் மொழியில், கட்டளைப் போர்ட்டான 33க்கு பையைக் கேட்கும் 26ஐ அனுப்புங்கள், அப்புறம் டேட்டா போர்ட்டான 32ஐ நாலு முறை படியுங்கள். 2, 201, 15, 218 என்று வர வேண்டும்.

முதல் பைட் குறியும் அடுக்கும். மற்ற மூன்றும் 0.785398 என்ற பின்னம். அதை 2இன் 2ஆம் அடுக்கால், அதாவது 4ஆல், பெருக்கினால் 3.14159. எம்எஸ்எக்ஸ் பேசிக் தன் எண்களைத் தசம இலக்கங்களாக வைத்திருக்கும், சிப் இருமத்தில் வைத்திருக்கும். அந்த ஈப்ராமின் பெரும்பகுதி இந்த மாற்றத்துக்காகவே இருக்கும் என்று நினைக்கிறேன். பிரித்துப் படிக்க அருமையான இடம் அதுதான்.

பழம்பலகை:
2, 201, 15, 218! திரையில் பார்த்தபோது கை நடுங்கியது. அடுத்து 2, 3 ஆகிய எண்களை இரண்டிரண்டு பைட்டாக 2, 0, 3, 0 என்று அனுப்பி, 108 என்ற கட்டளை கொடுத்து 16 பிட் கூட்டல் செய்தேன். 0, 5 என்று வருகிறது. பைட் வரிசை தலைகீழாக வருவது சரிதானா?

ஈயப்பொட்டு:
சரிதான். உள்ளே இருப்பது ஸ்டாக், கடைசியில் போனதுதான் முதலில் வெளியே வரும். சிறிய பைட்டை முதலில் தள்ள வேண்டும், எடுக்கும்போது பெரிய பைட் முதலில் வரும். இன்னொன்று: 33ஐப் படித்தால் நிலை கிடைக்கும். அதில் 128 மதிப்புள்ள பிட் இருக்கும்வரை சிப் வேலையில் இருக்கிறது. சைனுக்குச் சுமார் 4000 கிளாக் ஆகும், உங்கள் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். பேசிக்கில் அது தெரியாது. இயந்திர மொழிக்குப் போனால் அந்த பிட் இறங்கும்வரை காத்திருந்து படியுங்கள்.

அலைமானி:
பிழைக் குறியையும் சோதித்துவிடுங்கள். 26, 21, 1 என்று வரிசையாகக் கட்டளை கொடுங்கள்: பை, குறி மாற்றம், வர்க்கமூலம். நிலையை 30உடன் ஆண்ட் செய்தால் (பிழை பிட்களை மட்டும் பிரித்தால்) 8 வர வேண்டும், எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டதற்கான பிழை அது.

பழம்பலகை:
8 வந்தது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈப்ராமின் மாற்றப் பகுதியைப் பிரிக்கத் தொடங்குகிறேன், முடிந்ததும் குறிப்புகளோடு இங்கேயே போடுகிறேன்.