புதுப்பிப்பு: மாஸ்க் போட்டு எடுத்த குரல் பதிவு

2021-ல் மாஸ்க்கோடு பதிவு செய்த ஒரு டீச்சரின் குரல், இப்போது மாஸ்க் இல்லாமல் எடுத்ததைவிடத் தெளிவாக அளவிடப்படுகிறதே, குரல் மோசமாகிவிட்டதா என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

நேற்று அவரை மறுபடி வரச் சொன்னேன். அதே அறை, அதே மைக், அதே தூரம். வெறும் முகத்தோடு மூன்று முறை ‘ஆ’ இழுத்தார். அப்புறம் சர்ஜிக்கல் மாஸ்க், என்95. அடிப்படைச் சுருதி அசையவே இல்லை. அதிர்வது தொண்டையில், துணி இருப்பது வாய்க்கு வெளியே, பின்னே எப்படி மாறும்? ஆனால் ‘சிவசாமி’ என்று சொன்னபோது, ஒலியைப் படமாகக் காட்டும் திரையில் ‘ச’ எழும் இடத்துக் கருமை என்95-ல் வெளுத்தே போனது. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது ‘ச’ போன்ற உயர் அதிர்வெண் ஒலிகளில், சர்ஜிக்கல் மாஸ்க் 3-4 டெசிபெல் குறைக்கும். என்95 கிட்டத்தட்ட 12 வரை. கரகரப்பான குரலில் கசியும் காற்றின் இரைச்சலும் பெரும்பாலும் அங்கேதான். அது வடிகட்டப்பட்டதும், குரலின் சுத்தமான ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதம் உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரிந்துவிடுகிறது.

ஆக, 2021 பதிவுதான் ஏமாற்றியிருக்கிறது. டீச்சரிடம் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! நேற்றைய வெறும் முகப் பதிவையே இனி அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். பழைய கோப்புகளிலும் மாஸ்க் வகையைக் குறித்துக்கொண்டு வருகிறேன்.