தொய்ந்துபோன பழைய ஹைலக்ஸ்: பட்டை சேர்ப்பதா, தேய்ந்ததை மாற்றுவதா?

வயல்காரன்:
என்னுடைய டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 1992ஆம் ஆண்டு வண்டி. முன்னால் டோர்ஷன் பார் (முறுகி நின்று ஸ்பிரிங் போல வேலை செய்யும் எஃகுத் தண்டு), பின்னால் ஸ்பிரிங் பட்டை (அடுக்கி வைத்த வளைந்த எஃகுத் தகடுகள்). நெல் மூட்டைகளை ஏற்றியதும் பின்புறம் தொய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அச்சு மேலே இடிக்கிறது. ஆகவே பின்னால் பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்து, முன்னால் டோர்ஷன் பாரை முறுக்கி, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தப் போகிறேன். வேலையை வீட்டு முற்றத்தில் நானே செய்வேன்.

கிறீஸ்கை:
நீங்களே செய்வதை மனதார வரவேற்கிறேன். ஆனால் செய்யும் வரிசை தவறு. முப்பது ஆண்டு ஓடிய வண்டியில் ஷேக்கிள் புஷ்கள் (பட்டையின் முனையைத் தாங்கும் இணைப்பிலுள்ள ரப்பர் உருளைகள்), முன் சக்கரங்களைத் தாங்கும் கைகளின் புஷ்கள், பால் ஜாயிண்ட்கள் (உருண்டை மூட்டுகள்) ஆகியவற்றைப் பார்க்காமல் உயரத்தைக் கூட்டினால் தேய்மானம் மறையாது, விரைவுபடும். டோர்ஷன் பாரின் போல்டை இறுக்கினால் உயரம்தான் மாறும், பாரின் விறைப்பு மாறாது. விறைப்பு அதன் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது: விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும், போல்டை எவ்வளவு திருகினாலும் அது கிடைக்காது. மாறாக, சக்கரம் கீழிறங்கும் இடைவெளி குறைந்து, முன் அச்சுத்தண்டின் மூட்டுகள் சாய்ந்த கோணத்தில் சுழன்று, அவற்றின் ரப்பர் உறைகள் கிழியும்.

வயல்காரன்:
முன்புறம் குறித்து நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதை அரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பின்புறத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாரம் ஏற்றுவது என் பிழைப்பு. புஷ்ஷை மாற்றினால் சத்தம் அடங்கும். களைத்துப்போன பட்டை நிமிராது.

கிறீஸ்கை:
உண்மைதான், பட்டை களைத்திருந்தால் புஷ் அதை நிமிர்த்தாது. ஆனால் பட்டை சேர்ப்பதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட பாரம் ஒரு கிலோகூடக் கூடாது. அச்சும் பிரேக்கும் வண்டியின் அடிச்சட்டமும் (சேசிஸ்) பழையவையே. நான் மிகவும் அஞ்சுவது பிரேக்கை நினைத்துத்தான். இந்த வண்டிகள் பலவற்றில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலேறி, சட்டத்தில் உள்ள வால்வோடு இணைந்திருக்கும். பாரத்தால் வண்டி தாழும்போது அந்த வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் தரும். நீங்கள் பின்புறத்தை உயர்த்திவிட்டால், மூட்டைகள் நிறைந்திருந்தாலும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொள்ளும். பின் சக்கரங்கள் போதிய அளவு பிடிக்கா. உயர்த்திய அளவுக்கு ஏற்பக் கம்பியின் தாங்கியையும் உயர்த்தாமல் தயவுசெய்து வண்டியைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

செம்மண்:
இருவரும் சொல்லாத ஒன்று. ரப்பர் புஷ்களின் போல்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று பாரம் தாங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். என் வண்டியில் நான் செய்த பிழை அது. பட்டையைக் கழற்றினால் அதை அச்சோடு இறுக்கும் யூ போல்டுகளையும் புதிதாகவே போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

வயல்காரன்:
அந்த வால்வைப் பற்றி எந்தக் கராஜிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்று குனிந்து பார்த்தேன். கம்பி துருவேறி அசையாமல் நிற்கிறது. முதலில் அதைச் சரிசெய்து, அடுத்துப் புஷ்களை மாற்றி, அதன் பிறகு வெறும் வண்டியின் உயரத்தை நான்கு மூலைகளிலும் அளப்பேன். அப்போதும் பின்புறம் தாழ்ந்திருந்தால், பட்டை சேர்க்கத்தான் போகிறேன்.