நாய்க்கு ரெண்டு கரண்டி உப்பா?

கெடிலக்கரை: "கல்பாக்கம் அணு உலையில ஏதாவது ஆச்சுன்னா நாய்க்கு ரெண்டு கரண்டி அயோடின் உப்பைக் கரைச்சு ஊத்துங்க, தைராய்டு தப்பிச்சிடும்"னு லட்டு எழுதிட்டுப் போயிருக்கார். கணக்குப் போட்டீங்களா சார்? அணு விபத்துல தைராய்டைக் காக்கப் பெரியவங்களுக்குக் கொடுக்கற பொட்டாசியம் அயோடைடு மாத்திரை 130 மி.கி. அதுல அயோடின் சுமார் 100. கடை உப்புல விதிப்படி கிலோவுக்குக் குறைஞ்சது 15 மி.கி. இருக்கணும், அந்தக் கணக்குப்படி ஒரு மாத்திரைக்கு ஈடு சுமார் ஆறரை கிலோ உப்பு! 10 கிலோ நாய்க்கு 20-30 கிராம் போனாலே வாந்தி, வலிப்பு. 40 கிராம்னா உசுருக்கே ஆபத்து.

லாஸ்பேட்டை லட்டு: நான் சொன்னது சிட்டிகை அளவு. உப்பில்லாம நீங்க சாப்பிடறீங்களா?

கெடிலக்கரை: கரண்டி எப்போ சிட்டிகை ஆச்சு? அதே கணக்குல ஒரு கிராம் உப்புல 15 மைக்ரோகிராம்தான் அயோடின். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

முதுநகர் மீசை: அப்போ மாத்திரையை உடைச்சுக் கொடுக்கலாமா?

கெடிலக்கரை: கால்நடை டாக்டர் அளவு சொல்லாம கூடாது. அதுவும் அயோடின்-131ங்கிற கதிரியக்க அயோடினுக்கு மட்டும்தான். உலையில இருந்து கசியற இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்கு உதவாது.

மஞ்சக்குப்பம் மைனா: உப்பை விட்டுத் தொலைங்கப்பா. நாயை உள்ளறைக்குக் கொண்டு வந்து ஜன்னலைச் சாத்தணும், ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேன் ரெண்டும் ஆஃப். 10 கிலோ நாய்க்கு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல தண்ணி வேணும், மூடின டப்பாவுல. ஒண்ணுக்குப் போக மணல் தட்டு. நாய் வெளிய போயிருந்தா நீங்க கையுறை, மாஸ்க் போட்டுட்டு வாசல்லயே அதோட கழுத்துப் பட்டையைக் கழட்டுங்க, தோல் பட்டைல கதிரியக்கத் தூசி நிக்கும். ஈரத்துணியால துடைச்சுட்டு வெதுவெதுப்பான தண்ணி, ஷாம்பூ. காலை நக்கறதுக்குள்ள பாதத்தை முதல்ல கழுவணும். கண்டிஷனர் வேண்டாம், தூசியை முடியோட ஒட்ட வெச்சிடும்.

லாஸ்பேட்டை லட்டு: கண்டிஷனர் போடாம எங்க ஊர் பொமரேனியனைச் சீவிப் பாருங்க, சடை விழும். அதுவும் போக, அணு உலையைச் சுத்தி அவசரகாலத் திட்ட வளையம் 16 கி.மீ.தான். புதுச்சேரியே அதுக்குள்ள வராது. கடலூர்காரங்களுக்கு என்ன பதட்டம்?

கெடிலக்கரை: ஐப்பசி, கார்த்திகைல வாடைக்காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருது? கல்பாக்கம் உங்களுக்கு வடக்கே. 2011ல ஜப்பான் ஃபுகுஷிமா அணு உலை விபத்துல 20 கி.மீ. வளையத்துக்கு வெளிய இருந்த ஈடாதே கிராமத்தையும் காலி பண்ணாங்க. காத்துக்கு வளையம் தெரியாது. அது கிடக்கட்டும், ரெண்டு கரண்டியைத் திருத்துங்க.

முதுநகர் மீசை: கல்லுப்பு ஆனா?

கெடிலக்கரை: அதுல பலதுல அயோடினே கிடையாது!

லாஸ்பேட்டை லட்டு: உப்பு, உப்பு, உப்பு. ஆறரை கிலோன்னு பயமுறுத்தறவர் பேச்சைக் கேட்டா பதிவு திருந்தாது. அப்படியே இருக்கும்.

கெடிலக்கரை: ரெண்டு கரண்டி. தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.