வெயிலுக்கும் நிவாரண நிதி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவின் நிவாரண நிதிக் கணக்கைப் பற்றி வந்த மடல்களைப் படித்தேன். புயல், வெள்ளம் என்றால் உடனே பணம் சேர்த்துவிடுகிறோம். வெயிலுக்கென்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வெயில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதில்லை, படம் எடுத்து அனுப்பவும் எதுவும் இருக்காது. போவது கூலிதான்.

வியர்வை உலர்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். காற்றில் ஈரப்பதம் ஏறிவிட்டால் அது உலராது. கை தளரும், மதியத்தோடு வேலை நிற்கும். மாதச் சம்பளக்காரருக்கு இது வெறும் புழுக்கம். தினக்கூலிக்காரருக்கு அரை நாள் வருமானம் போச்சு. இரவிலும் சூடு தணியாவிட்டால் தூக்கமில்லை, மறுநாளும் பாதி வேலைதான். அப்புறம் காய்ச்சல், கடன், வட்டி.

2030இல் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வெப்பத்தால் வீணாகும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணக்கிட்டது. 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். இதில் ஒரு வேடிக்கை: விவசாயமும் கட்டுமானமும் நிழலில் நடப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது! வெயிலில் என்று வைத்தால் 3.8 சதவீதம். எந்தக் கொத்தனார் நிழலில் நின்று சுவர் எழுப்புகிறார்?

ஆண்டு சராசரி வெப்பம் 13 டிகிரியைத் தாண்டத் தாண்ட ஒரு நாட்டின் உற்பத்தித் திறன் சரிகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. குளிர் நாடுகளுக்குக் கொஞ்சம் லாபம்கூட உண்டு. ஆக, ஏற்கெனவே சூடான, பெரும்பாலும் ஏழையான நாடுகள்தான் மேலும் பின்தங்குகின்றன. ஒரே நாட்டுக்குள்ளும் இப்படித்தான். தேசிய சராசரியைப் பார்த்தால் வறண்ட மாவட்டம் கண்ணில் படாது.

குஜராத்தில் சேவா (SEWA) என்ற சுயதொழில் பெண்கள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு காப்பீடு வைத்திருக்கிறது. வெப்பம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பணம் வந்துவிடும். நஷ்டத்தை யாரும் நிரூபிக்க வேண்டாம். எனக்கு இதுதான் பிடித்தது. மனுப் போட்டு, ஆள் வந்து பார்த்து, கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் வட்டிக்கடை முந்திக்கொள்ளும்.

இது அரசாங்கத்தின் வேலை என்று சிலர் எழுதுவீர்கள். சரிதான். ஆனால் புயலுக்கு நாம் அப்படிச் சொன்னதில்லையே?

நிதியில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம் என்பது என் யோசனை. எந்த டிகிரியில் பணம் கொடுப்பது, ஈரப்பதத்தை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். வெப்பமானி மட்டும் பார்த்தால் கடலோரத்துக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். குழுவில் காப்பீட்டுத் துறையிலோ வானிலைத் துறையிலோ இருப்பவர்கள் பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன் எழுதினால் நல்லது.