‘உலகமயமாக்கல் நீக்கம்’ சரியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். பொருளியல் பாடத்தின் ஆறாம் இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. நாடுகளுக்கிடையே வணிகமும் பணமும் ஆளும் போய்வருவது குறைவதை ஆங்கிலத்தில் deglobalization என்கிறார்கள்; அதற்கு வரைவில் ‘உலகமயமாக்கல் நீக்கம்’ என்றிருக்கிறது. நீக்கினால் அது இல்லாமலே போக வேண்டும். உலக உற்பத்தியோடு ஒப்பிட்டால் நாடுகளுக்கிடை வணிகம் 2008-இல் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தொட்டது. பிறகு ஏறியும் இறங்கியும் அந்த மட்டத்தை ஒட்டியே நிற்கிறது. நிற்பதை நீங்கியது என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? ‘உலகமயத் தளர்வு’ என்று போடலாம். தன்வினை, பிறவினை இரண்டும் கிடைக்கும்: அரசு சுங்கவரி போட்டால் தளர்த்தல், உழைக்கும் வயதினர் குறைந்து தானே நடந்தால் தளர்தல்.

கண்டனூரிலிருந்து:
‘மயம்’ வடசொல். அதை இன்னும் எத்தனை நாள் சுமப்பது? உலவு என்பதே உலகுக்கு வேர் என்பது என் துணிபு. சரக்கும் பணமும் ஆளும் உலவுவதுதான் இங்கே பேச்சு. ஆகவே ‘உலவொடுக்கம்’. உலவு முற்றியலுகரமாயிற்றே, உகரம் கெடுமா என்று கேட்பீர்கள். கதவு + அழகு கதவழகு ஆகவில்லையா? நன்னூல் இடம் தருகிறது.

தேவகோட்டையிலிருந்து:
ஐயா, புணர்ச்சி சரி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ‘உலவொடுக்கம்’ என்று படித்தால் நடைப்பயிற்சியை நிறுத்தியதாக நினைக்கும். ‘தளர்வு’ அதைவிட ஆபத்து. 1991 சீர்திருத்தம் பற்றிய இரண்டாம் இயலில் ‘இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் தளர்வு’ என்றே அச்சாகிவிட்டது. அங்கே தளர்வு என்றால் வணிகம் பெருகும், இங்கே குறையும். ஒரே புத்தகத்தில் ஒரு சொல் இரண்டு பக்கம் இழுக்கலாமா? ‘உலகமயச் சுருக்கம்’ என்பேன்.

பள்ளத்தூரிலிருந்து:
சுருக்கம் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: பணச்சுருக்கம், மக்கள்தொகைச் சுருக்கம். ஆறாம் இயலின் பாதி மக்கள்தொகைதான். அங்கேயே வரைவில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் திருத்துங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண் ஒருவருக்குப் பிள்ளை 1.8; தலைமுறையைத் தலைமுறை ஈடுகட்டும் அளவு 2.1. இது கருவளச் சரிவு, சுருக்கம் அல்ல. இளவயதினர் நிறைய இருப்பதால் தலைக்கணக்கு இன்னும் சில காலம் ஏறும். சீனாவில் 2022 முதல் தலைக்கணக்கே இறங்குகிறது. அதுதான் சுருக்கம்.

கண்டனூரிலிருந்து:
பள்ளத்தூர் ஆச்சி சொன்ன தலைக்கணக்கு பற்றி ஒன்று. நம் நகரத்தார் கோயில் வரிக்குத் தலையை எண்ணுவதில்லை, புள்ளியை, அதாவது திருமணமான குடும்பத்தை எண்ணுகிறோம். மகனுக்குத் திருமணமானால் தனிப்புள்ளி. ஆட்கள் குறையும்போதும் குடும்பங்களின் எண்ணிக்கை கூடலாம் என்பதை விளக்க இதைவிட நல்ல சொல் ஏது? ‘குடும்ப அலகு’ என்றிருக்கும் இடத்தில் ‘புள்ளி’ என்று போடுங்கள்.

காரைக்குடியிலிருந்து:
புள்ளிவிவரத்தோடு மோதும் ஐயா. பெட்டிச்செய்தியில் சேர்க்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:
தளர்வை பர்மாவில் வைத்துப் பாருங்கள். 1930-இல் நெல்விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வந்த நிலம் சேர்ந்து சேர்ந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு செட்டியார் வட்டிக்கடைகளின் கையில் இருந்தது. 1937-இல் பர்மா நிர்வாகம் இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-இல் ஜப்பான் படை. 1948-க்குப் பின் நிலம் நாட்டுடைமை. ஐந்தொகையில், அதாவது சொத்து-கடன் கணக்கில், வரவேண்டியது என்று நின்றது வராமலே போயிற்று. இதையா தளர்வு என்பது?

பள்ளத்தூரிலிருந்து:
அதற்கு ‘முறிவு’ என்று தனிச்சொல் வையுங்கள். மெல்ல நடப்பது தளர்வு, போரிலோ சட்டத்திலோ சட்டென அறுவது முறிவு. இயலில் இரண்டுக்குமே எடுத்துக்காட்டு இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து:
வேறு மறுப்பு வராததால் ‘உலகமயத் தளர்வு’ தலைப்பிலும், ‘உலகமய முறிவு’ பர்மாப் பத்தியிலும் போகின்றன. உலவொடுக்கம் சொல்லடைவில் இடம்பெறும்.

தேவகோட்டையிலிருந்து:
இரண்டாம் இயலுக்குப் பிழைதிருத்தத் தாள் ஒன்று ஒட்டி, அங்கே ‘கட்டுப்பாட்டு நீக்கம்’ என்று மாற்றினால் ஒப்புக்கொள்கிறேன். ஒட்டவில்லையென்றால் என் மறுப்பு அப்படியே நிற்கிறது.