ஹாலிவுட் படப்பிடிப்பு முடிந்த பிறகு உள்ளூர் ஸ்டுடியோவுக்கு என்ன மிஞ்சும்? (வார்சாசாத், மொராக்கோ)

மணல்வீடு:
கிளாடியேட்டர் இரண்டாம் பாகம் இப்போதுதான் பார்த்தேன். ஆரம்பத்தில் வரும் முற்றுகைக் காட்சியை மொராக்கோவில் வார்சாசாத் என்ற ஊரில் எடுத்தார்களாம். அந்த ஊரில் அட்லஸ் ஸ்டுடியோ 1983லிருந்தே இருக்கிறது. என் கேள்வி இதுதான், இவ்வளவு பெரிய படம் வந்து இறங்கினால் அந்த ஊருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? நடிகர், கேமரா, கிராஃபிக்ஸ் எல்லாம் வெளியிலிருந்து வருகிறது, லாபமும் வெளியே போகிறது. இட வாடகையும் ஓட்டல் பில்லும் மட்டும்தானா? டிசம்பரில் அந்தப் பக்கம் போகிற யோசனை இருக்கிறது, ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்க்க விடுவார்களா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செட்டுக்காரன்:
செட் மிஞ்சும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அந்த ஊரின் பிழைப்பில் பாதி அதுதான். நான் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள். இங்கே வாடகை ஃப்ளோரில் போட்ட செட்டை கடைசி ஷாட் முடிந்த மறுநாளே பிரிக்கச் சொல்லி நிற்பார்கள், ஒரு நாள் தள்ளினாலும் வாடகை ஏறும். அங்கே நிலம் தாராளம், மழை அபூர்வம், அதனால் மரச் சட்டமும் பிளாஸ்டரும் வருடக்கணக்கில் தாங்குகிறது. 2005இல் வந்த கிங்டம் ஆஃப் ஹெவனுக்காகக் கட்டிய ஜெருசலேம் மதிலைத்தான் கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து நீங்கள் பார்த்த முற்றுகைக் காட்சியின் நுமிடியா நகரமாக மாற்றினார்கள். இரண்டுக்கும் ரிட்லி ஸ்காட்தான் இயக்குநர், ஆர்தர் மேக்ஸ்தான் தயாரிப்பு வடிவமைப்பாளர், அதனால் எந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கே தெரியும். அந்த முற்றுகையில் வரும் கப்பல் சண்டையை எடுத்த இடத்தில் ஒரு சொட்டு கடல் கிடையாது! முழு அளவில் கப்பல் கட்டி, பெரிய தொழிற்சாலைச் சாமான்களை நகர்த்துவார்களே, ரிமோட்டில் ஓடும் பல சக்கர வண்டி, அதன் மேல் ஏற்றி மணலில் ஓட்டினார்கள். தண்ணீர் எல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் வந்தது.

அப்புறம் கைவேலை. 2000இல் வந்த முதல் பாகத்துக்காக, பக்கத்தில் ஐத் பென் ஹத்தூ என்ற ஊரில் ஒரு மண் செங்கல் அரங்கம் கட்டினார்கள். அந்தப் பகுதி வீடுகளே மண் கட்டடம்தான், வெளியிலிருந்து வருகிற ஆளுக்கு அந்தப் பூச்சு லேசில் வராது.

வரவுசெலவு:
ஸ்டுடியோவைத் தொடங்கிய முகமது பெல்க்மி ஓட்டல் நடத்தியவர். அதனால் 'ஓட்டல் பில் மட்டும்தானா' என்று கேட்டால் ஆரம்பமே அங்கிருந்துதான் :)
ஆனால் வெயிலும் மணலும் மட்டும் இருந்தால் யாரும் வரமாட்டார்கள். மொராக்கோ அரசு 2018இல் 20 சதவீதம் பணத்தைத் திருப்பித் தர ஆரம்பித்து, 2022இல் அதை 30 ஆக்கியது. படக்குழு நாட்டுக்குள் செய்த செலவுக்கு மட்டும்தான் இது. குறைந்தது 1 கோடி மொராக்கோ திர்ஹாம் செலவழித்திருக்க வேண்டும், செட் போடும் நாட்களையும் சேர்த்து 18 நாளாவது வேலை நடந்திருக்க வேண்டும். அதாவது உள்ளூர் தச்சருக்கும் லாரிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு கொடுக்கிறார்களோ அதில் 30 சதவீதம் திரும்பி வரும், ஆளை வெளியிலிருந்து கூட்டி வருவதில் தயாரிப்பாளருக்கு ஆதாயம் குறைவு. எனக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடாகத்தான் படுகிறது. ஆனால் போட்டியும் அதே அளவு. மால்டா 40 சதவீதம் வரை தருகிறது, இதே படத்தின் கொலோசியம் அங்கேதான் எழுந்தது.

சந்தேகி:
எல்லாம் சரி, கூட்டத்தில் நிற்கிறவனின் கதையை யாரும் சொல்லவில்லையே. துணை நடிகருக்கு நாள் கூலிதான். ஒரு மாதம் ரோமானியப் படை, அடுத்த மாதம் எகிப்து அடிமை, அதற்கடுத்த மாதம் ஒன்றுமில்லை. கிங்டம் ஆஃப் ஹெவனில் மொராக்கோ ராணுவ வீரர்களையே கூட்டமாக நிறுத்தினார்கள், அந்தக் கூலி ஊர்க்காரனுக்கு வந்திருக்காது. அலி எஸ்ஸாஃபி என்ற மொராக்கோ இயக்குநர் இந்தத் துணை நடிகர்களைப் பற்றி 2001லேயே ஓர் ஆவணப்படம் எடுத்தார், கிடைத்தால் பாருங்கள். 2020இல் கொரோனா, 2023இல் ஹாலிவுட் வேலைநிறுத்தம், லாஸ் ஏஞ்சலஸில் கதவைச் சாத்தினால் வார்சாசாத்தில் அடுப்பு எரியாது. ஒரே வாடிக்கையாளரை நம்பி ஊரே உட்கார்ந்திருப்பதைத் தொழில் வளர்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரவுசெலவு:
@சந்தேகி, அதை மறுக்கவில்லை. ஆனால் அட்லஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் பெரிய ஆலை எதுவும் இல்லாத காலத்தில் வேறு யார் வந்திருப்பார்கள் என்பதையும் பாருங்கள்.

ஊர்சுற்றி:
மணல்வீடு, தாராளமாகப் பார்க்கலாம். டிக்கெட் வாங்கினால் வழிகாட்டி கூட்டிப் போவார். 1985இல் வந்த ஜுவல் ஆஃப் த நைல் படத்துக்குச் செய்த டம்மி விமானம், ஆஸ்டரிக்ஸ் படத்துக்காகப் போட்ட எகிப்துக் கோயில் எல்லாம் அங்கேயே நிற்கின்றன. தூணைத் தட்டிப் பாருங்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. படப்பிடிப்பு நடந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மாரகேஷ் நகரத்திலிருந்து 200 கிலோமீட்டர்தான், ஆனால் 2,260 மீட்டர் உயரத்தில் டிசி ந் டிச்கா கணவாயைத் தாண்ட வேண்டும், நாலு மணி நேரம் பிடிக்கும். டிசம்பரில் பனி விழுந்தால் சாலையை அடைத்துவிடுவார்கள், அதனால் அன்றைக்கே திரும்பும் திட்டம் வேண்டாம், ஒரு ராத்திரி தங்குங்கள். போகிற வழியில் 30 கிலோமீட்டர் முன்னாலேயே ஐத் பென் ஹத்தூ வரும், அதைக் காலையில் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் ஸ்டுடியோவுக்குப் போனால் சரியாக இருக்கும்.