ஸ்க்ரீப்பின் நாடக வகைக்குத் தமிழ்ப்பெயர்: ‘கட்டுக்கோப்பு நாடகம்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘பியெஸ் பியான் ஃபெத்’ (நேர்ப்பொருள்: ‘நன்கு செய்யப்பட்ட நாடகம்’) என்னும் பிரெஞ்சுத் தொடருக்கு இவ்விழையில் இதுவரை ‘நன்கமை நாடகம்’, ‘நல்யாப்பு நாடகம்’, ‘பொறிமுறை நாடகம்’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் சிந்தித்து ஆக்கப்பட்டவை. எனினும் இந்த வகைமையை நிலைநிறுத்திய பிரெஞ்சு நாடக ஆசிரியர் எழேன் ஸ்க்ரீப் (1791–1861) மேடைக்குச் செய்தது என்ன என்பதோடு ஒப்பிட்டால், மூன்றும் வெவ்வேறு இடங்களில் பொருந்தாமல் போகின்றன. ஆகவே ‘கட்டுக்கோப்பு நாடகம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

ஸ்க்ரீப் பாரிஸில் பட்டு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் படிக்க அனுப்பப்பட்டாலும் அவர் மனம் அரங்கத்திலேயே இருந்தது. தொடக்க நாடகங்கள் தோற்றன. 1815இல்தான் முதல் பெருவெற்றி வாய்த்தது. அவர் பழகிய களம் ‘வோத்வில்’: மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டுகளை இடையிட்டுச் செல்லும் இலேசான நகைச்சுவை நாடகம். 1820இல் திறக்கப்பட்ட ழிம்னாஸ் அரங்கம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. வாரந்தோறும் புதியது கேட்கும் பார்வையாளர்களுக்காக அவர் கூட்டாசிரியர்களுடன் இணைந்து இடைவிடாது எழுதினார். மெல்வீல், பயார், ஜெர்மேன் தெலவீஞ் போன்றோரின் பெயர்களைத் தம் பெயரோடு சேர்த்தே வெளியிட்டார். அவரும் கூட்டாளிகளும் ஆக்கியவை 400க்கும் மேல். நாடக ஆசிரியர்களின் உரிமைத்தொகையைக் காக்கும் சங்கம் 1829இல் உருவானபோது அதில் முன்னின்றவரும் அவரே. 1834இல் பிரெஞ்சு அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

இத்தனை வேகத்தில், பலர் கை சேர்ந்து எழுதப்பட்டவை சிதறாமல் நின்றதற்குக் காரணம் ஓர் உறுதியான அமைப்புமுறை. பார்வையாளருக்குத் தெரிந்து பாத்திரங்கள் சிலருக்குத் தெரியாத ஓர் இரகசியம் இருக்கும்; கடிதம், மோதிரம் என ஏதேனும் ஒரு சிறுபொருள் கைமாறும், அல்லது ஒரு சைகை பரிமாறப்படும்; நாயகனின் நிலை ஏறியும் இறங்கியும் வரும்; இரகசியம் வெளிப்படும் காட்சியில் எல்லா முடிச்சும் அவிழும். முதல் அங்கத்தில் போகிறபோக்கில் சொல்லப்பட்ட செய்தி கடைசி அங்கத்தில் வேலை செய்யாமல் இராது.

1840இல் அரங்கேறிய ‘ஒரு குவளைத் தண்ணீர்’ நாடகத்தையே பாருங்கள். களம் இலண்டனில் அரசி ஆனின் அரண்மனை. பிரான்சுடன் போரைத் தொடர விரும்பும் மார்ல்பரோ சீமாட்டிக்கும், சமாதானம் நாடும் போலிங்புரோக்குக்கும் இடையே போட்டி. அரசியும் சீமாட்டியும் ஒருவரையொருவர் அறியாமல் மாஷாம் என்னும் இளம் அதிகாரியை விரும்புகிறார்கள். அவனோ அபிகெயில் என்னும் எளிய பெண்ணை விரும்புகிறான். அரசவையில் வெப்பத்தைச் சொல்லி ஒரு பெண் மாஷாமிடம் தண்ணீர் கேட்டால், அதுவே அவனை இரவில் அழைக்கும் சைகை என்று சீமாட்டிக்குத் தெரியவருகிறது. அப்பெண் யாரென்று காண அவள் காத்திருக்க, தண்ணீர் கேட்பவள் அரசியே. குவளையை வாங்கித் தானே நீட்டும் சீமாட்டியின் கை நடுங்கி, தண்ணீர் அரசியின் ஆடையில் சிந்துகிறது. அந்தச் சிந்தலிலிருந்து சீமாட்டியின் வீழ்ச்சியும் அரசாங்கத்தின் மாற்றமும் சமாதானமும் தொடர்கின்றன. நாடகத்தின் துணைத்தலைப்பே ‘விளைவுகளும் காரணங்களும்’ என்பதுதான். இதை வரலாறு என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை; ஆனால் ஒரு காரணம் அடுத்ததில் எப்படிக் கோக்கப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘நன்கமை நாடகம்’ மூலத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் ‘நன்கு’ என்னும் அடை தமிழில் பாராட்டாகவே ஒலிக்கும். பிரெஞ்சில் இத்தொடர் நாளடைவில் ஏளனமாகவும் வழங்கலாயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே தொடங்கி நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா வரை பலர் இந்த வகைமையைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறார்கள். ‘ஷா நன்கமை நாடகத்தை எதிர்த்தார்’ என்று பாடநூலில் படிக்கும் மாணவர், நன்றாக அமைந்ததை ஒருவர் ஏன் எதிர்க்க வேண்டும் என்று திகைப்பார்.

‘பொறிமுறை நாடகம்’ இதற்கு மறுதலையான குறையை உடையது. இயந்திரத்தனமானது என்னும் எதிராளியின் வசையையே வகைமையின் பெயராக்கிவிடுகிறது. ஆனால் இந்த முறையிலிருந்து கற்றவர்களும் உண்டு. நோர்வே நாடக ஆசிரியர் இப்சன் 1851 முதல் பெர்கன் அரங்கத்தில் பணியாற்றியபோது ஸ்க்ரீப்பின் நாடகங்கள் பலவற்றை மேடையேற்றியவர். 1879இல் வெளிவந்த ‘பொம்மை வீடு’ நாடகத்தில் பூட்டிய தபால்பெட்டிக்குள் கிடக்கும், நாயகியை மிரட்டும் குரோக்ஸ்டாடின் கடிதம் ஸ்க்ரீப் வழியில் வந்த உத்தியே. அந்தக் கட்டமைப்பை முழுவதும் பயன்படுத்திக்கொண்டு, முடிச்சு அவிழ்ந்தபின் கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டதுதான் இப்சன் செய்த புதுமை. இந்தத் தொடர்ச்சியைப் பற்றி எழுத ஒருபுறம் சாயாத சொல் வேண்டும்.

‘நல்யாப்பு நாடகம்’ என்பதன்மேல் எனக்கும் ஈர்ப்பு உண்டு. யாத்தல் என்றால் கட்டுதல், பொருள் ஆழமானது. ஆயினும் இன்றைய வாசகருக்கு யாப்பு என்றால் செய்யுள்தான். ஸ்க்ரீப்போ பெரும்பாலும் உரைநடையில் எழுதியவர். அதே காலத்தில், 1830இல், விக்டர் ஹியூகோவின் ‘எர்னானி’ செய்யுள் நாடகமாக வந்து, அதன் செய்யுள்நடைக்காகவும் அரங்கத்தில் பெரும் பூசலை எழுப்பியது. இரண்டையும் அருகருகே பேசும் கட்டுரையில் ‘யாப்பு’ ஸ்க்ரீப்பின் பெயரோடு ஒட்டினால் குழப்பம் உறுதி.

‘கட்டுக்கோப்பு’ என்பதில் கட்டுவதும் கோப்பதும் உள்ளன. ஸ்க்ரீப் செய்தவையும் அவ்விரண்டே. ‘கட்டுக்கோப்பான திரைக்கதை’ என்று விமர்சகர்கள் நாள்தோறும் எழுதுவதால் யாருக்கும் விளக்க வேண்டாம். பாராட்டும்போது செறிவையும், குறைகூறும்போது இறுக்கத்தையும் அதே சொல் உணர்த்தும். கட்சி, அமைப்பு ஆகியவற்றின் ஒழுங்கையும் அது குறிக்கிறதே என்ற ஐயம் எழலாம். ‘நாடகம்’ உடன் வருவதால் மயக்கம் நேராது.

இசைநாடகத்துக்கும் இச்சொல் ஒத்துவருகிறது. இசையமைப்பாளர்கள் ஓபேர், மேயர்பேர், அலெவி ஆகியோருக்கு ஸ்க்ரீப் எழுதிக்கொடுத்த பனுவல்களும் இதே முறையில் கட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்றான ‘போர்த்திசியின் ஊமைப்பெண்’ (1828) 1830 ஆகஸ்டில் பிரசல்ஸில் நடிக்கப்பட்ட இரவில் மூண்ட கலகம் பெல்ஜியத்தின் விடுதலையில் முடிந்தது.

துணைச்சொற்களையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. நாடகத்தின் இறுதியில் சிக்கல் தீர்வதைக் குறிக்கும் ‘தெனூமான்’ என்பதற்கு, சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் சொல்லும் ஐந்து சந்திகளுள் (நாடகக் கதையின் கட்டங்களுள்) இறுதியான ‘துய்த்தல்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஒரு நண்பர். துய்த்தல் பயனை நுகர்வது. இங்கே நடப்பது சிக்கல் விடுபடுவது. எனவே ‘முடிச்சவிழ்ப்பு’ என்பேன். பிரெஞ்சு விமர்சகர் சார்சே வழங்கிய ‘சேன் அ ஃபேர்’, பார்வையாளர் எதிர்பார்த்து, ஆசிரியர் தராமல் தப்பிக்க முடியாத காட்சி. ‘கட்டாயக் காட்சி’ போதும். ஒன்றை மற்றொன்றாகத் தவறாகக் கொள்வதைக் குறிக்கும் ‘கீப்ரோகோ’வை ‘ஆள்மாறாட்டம்’ என்பது குறைபடக் கூறலாகும். ஒரே பேச்சை இருவர் வெவ்வேறாக எடுத்துக்கொள்வதும் அதில் அடங்கும். ‘மாறுபுரிதல்’ என்று வைத்திருக்கிறேன், மேடையோடு பழகியவர்கள் ஒலிக்க இன்னும் எளிய சொல்லைத் தந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.